வேடமும் விழாவும்: அண்ணாமலை நாட்டுக் கட்டையணியும் அறிவியற்புனைவு அன்பர் கூடலும்

தோற்றுவாய்

தமிழ்க் கூத்தினை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் கூத்துப் பாட்டினையே ஆராய்ந்தனர். ஏட்டுச் சுவடியும் அச்சுநூலும் கைக்கு எட்டுவன. அவற்றைப் பாடவேறுபாடு நோக்கிப் பதிப்பித்தல் தமிழாசிரியர்க்குப் பழகிய பணி. பாட்டினை அடுத்து இசையையும் சடங்கினையும் ஆராய்ந்தோர் சிலர் உளர். கூத்தன் தலைமேல் தாங்கிய முடியும், தோள்மேல் கட்டிய மரப்பலகையும், முகத்தில் தீட்டிய அரிதாரமும் 'ஒப்பனை' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிப் போயின. பொருள் வேறு, அதன் மேற்பூச்சு வேறு என்னும் எண்ணம் நம் திறனாய்வில் வேரூன்றியமையே இதற்குக் காரணமாகும்.

இவ்வெண்ணத்தை மீண்டும் ஆராய்தற்கு ஒரு புதிய நிகழ்ச்சி வாயில் ஆகின்றது. அறிவியற்புனைவு, படக்கதை, இயங்குபடம் ஆகியவற்றின் அன்பர்கள் தாம் விரும்பிய கதைமாந்தரின் வேடத்தைத் தம் கையால் செய்து புனைந்து ஓரிடத்தில் கூடுவது மேனாடுகளில் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வழக்கம். இந்தியாவில் 'காமிக் கான்' என்னும் பெயரால் இவ்விழா 2011இல் டில்லியில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. இவ்வழக்கத்தைக் குறித்து இரண்டு கருத்துகள் நம்மிடையே வழங்குகின்றன. இது மேனாட்டுப் போலி, பொருளற்ற சிறுபிள்ளை விளையாட்டு என்பது ஒன்று. இது நமக்குப் புதிதன்று, நம் தெருக்கூத்தே இதன் மூத்த வடிவம் என்பது மற்றொன்று. முன்னது இகழ்ச்சியால் வந்தது. பின்னது பெருமிதத்தால் வந்தது. இரண்டும் வேடத்தைக் கூர்ந்து நோக்காமையால் பிறந்தவை என்பதும், கூர்ந்து நோக்கின் இரு வழக்கங்களும் ஒன்றனையொன்று விளக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. வேடம் என்னும் சொல்

தமிழில் வேடம் என்னும் சொற்கு இருவேறு மதிப்பு உண்டு. திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம் ஒன்றனைக் காட்டும். உள்ளத்தில் துறவின்றிப் புறத்தில் துறவுக்கோலம் பூண்டவனை, புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு பயிர் மேயும் பசுவோடு வள்ளுவர் ஒப்பிடுவார். உலகம் பழித்ததை ஒழித்துவிட்டால் தலைமயிர் களைதலும் வளர்த்தலும் வேண்டா என முடிப்பார். இங்கு வேடம் என்பது வஞ்சனை. உள்ளத்தைக் கொண்டு புறத்தை அளத்தலே அறம்.

பெரியபுராணம் மற்றொன்றனைக் காட்டும். அண்ணாமலைக்குத் தென்கிழக்கே அணித்தாக உள்ள திருக்கோவலூரை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரிடம் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி கட்டிப் புத்தகக் கவளிகையுள் படைக்கலத்தை மறைத்து வந்து அவரைக் குத்தினான். நாயனார் அவன் பூண்ட கோலத்தையே மெய்யென்று கொண்டு தொழுதார். அவனை வெட்ட வந்த தத்தனைத் தடுத்து, அவனை ஊர்க்கு அப்பால் ஏதமின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார். இங்கு வேடம் தாங்கியவன் பொய்யன், வேடம் பொய்யன்று. அரசர் பெயரே மெய்ப்பொருள் என அமைந்தது கருதத்தக்கது.

இவ்விரு மதிப்பும் அறநூலுக்கும் சமய நூலுக்கும் உரியன. கலைக்குரிய மூன்றாம் மதிப்பினைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிற் காண்கிறோம். இந்திரவிழாவினைக் காண வடதிசை வெள்ளி மலையிலிருந்து வான்வழி வந்த விஞ்சையன் ஒருவன், மாதவி ஆடிய பதினோராடலையும் தன் காதலிக்குக் காட்டுகின்றான். ஒவ்வோர் ஆடலையும் அதற்குரிய தெய்வத்தின் அணியோடும் கோட்பாட்டோடும் மாதவி ஆடினாள் என்பதை இளங்கோவடிகள் விதந்து கூறுகின்றார். இவ்வாடல்களுட் சில, தெய்வமே வேற்றுருக் கொண்டு ஆடியவை. பேடி என்பது காமன் பேடியுருவில் ஆடியது. கடையம் என்பது இந்திராணி உழத்தியின் உருவில் ஆடியது. ஆகவே மாதவி பூண்டது வேடத்தின்மேல் வேடம். அவையோர்க்கு அவள் மாதவி என்பது தெரியும்; அவள் காட்டுவது இந்திராணி என்பதும் தெரியும்; இந்திராணி காட்டியது உழத்தியை என்பதும் தெரியும். மூன்றும் ஒருங்கே தெரிதலில்தான் இன்பம் பிறக்கின்றது. இங்கு வஞ்சனை இல்லை. வழிபாடு மட்டுமே என்றும் சொல்லுதற்கில்லை. ஆடுவோரும் காண்போரும் உடன்பட்டு அமைத்துக்கொண்ட பொய் இது. தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் பிரித்தமை இவ்வுடன்பாட்டை உணர்ந்தே ஆகலாம்.

காண்போர் கூட்டத்தையும் நம் காப்பியங்கள் மறந்தில. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், வாணாசுரன் நகரத்து மறுகில் ஆடிய பேடிக்கோலத்தைப் புகார்த் தெருவில் ஒருவன் ஆடக் கண்டு நிற்பவர் கூறப்படுகின்றனர். அத்தெருவழியே சென்ற மணிமேகலையைச் சூழ்ந்த மக்கட்கு, விராட நகரில் பேடியாகிய விசயனைக் காணச் சூழ்ந்த கூட்டம் உவமையாகின்றது. தெரு, திருவிழா, வேடம், மொய்க்கும் மக்கள் ஆகிய நான்கும் தமிழில் இணைந்தே தோன்றின என்பதற்கு இக்காதை சான்றாகும்.

2. அண்ணாமலை நாட்டுக் கட்டையணி

திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் பழைய வடார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. இம்மாவட்டமும் இதனைச் சூழ்ந்த செஞ்சி, காஞ்சி வட்டாரங்களும் பாரதக் கூத்தின் நிலைக்களம். இளவேனிலிலும் முதுவேனிலிலும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதவிழா நடைபெறும். பகலில் வில்லிபாரதத்தை முதலாகக் கொண்டு பிரசங்கியார் கதை சொல்வார். இரவு முழுதும் கூத்து நிகழும். அருச்சுனன் தபசன்று, நாட்டிய நெடுமரத்தின் உச்சிக்குக் கூத்தன் பாடிக்கொண்டே ஏறுவான். இறுதியில் மண்ணாற் செய்த துரியோதனனின் பேருருவின் முன் படுகளம் நிகழும். மாலையில் தீமிதி நடைபெறும்.

இக்கூத்தில் தலைமை மாந்தர் பூணும் அணிகலன் 'கட்டை' எனப்படும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கிக் கிரீடம், புயத்திற் கட்டும் புசகீர்த்தி, மார்புப் பதக்கம், காதணி முதலியவற்றைச் செய்வர். அவற்றின் மேல் கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் மணியும் பதிப்பர். எல்லார்க்கும் கட்டை இல்லை. அரசரும் வீரரும் கட்டை வேடம். பெண்பாலரும் முனிவரும் கட்டியக்காரனும் கட்டையின்றி வருவர். துரியோதனன் முகம் சிவப்பு. கண்ணன் முகம் பச்சை அல்லது நீலம். ஆகவே அணி என்பது ஒரு மொழி. அதற்கு எழுத்துண்டு, சொல்லுண்டு, இலக்கணம் உண்டு. தொலைவில் நிற்பவன் பாட்டின் சொல் கேட்குமுன்னரே, வருபவன் இன்னான் என்பதை அணியால் அறிவான்.

இம்மொழி களரியின் தேவையிலிருந்து பிறந்தது. களரி என்பது திறந்த வெளி, நாற்புறமும் மக்கள். தீவட்டியின் அசையும் சுடரில் முகக்குறிப்புத் தொலைவில் உள்ளார்க்குப் புலனாகாது. தோட்பலகை உருவினை அகலமாக்கும், கிரீடம் உயரமாக்கும், இடையில் சேலைகளை மடித்துச் செருகி விரித்த உடை, கூத்தன் கிறிக்கி சுழலுங்கால் குடைபோல் விரியும். கண்ணாடித் துண்டுகள் சிறிய ஒளியைச் சிதறடித்துப் பெரிய ஒளியாக்கும். மின்விளக்கின் வெள்ளொளியில் கட்டையணியைக் கண்டு 'மிகையான பளபளப்பு' என்று குறை கூறுவோர், அது வேறோர் ஒளிக்குச் செய்யப்பட்டது என்பதை மறந்தனர். பழைய பாட்டினை அதன் கால வழக்கறிந்து படிக்க வேண்டும் என்பது நம் உரையாசிரியர் கொள்கை. பழைய அணியையும் அவ்வாறே படித்தல் வேண்டும்.

வேடத்தின் முதன்மையைத் திரைவரவு காட்டும். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னே கூத்தன் பாடுவான். மக்கள் முதற்கண் காண்பது திரைக்கு மேலே தெரியும் முடியும் கீழே தெரியும் சலங்கைக் காலும் ஆகும். திரை விலகிய பின்னர்க் கட்டியக்காரன், 'நீர் யார்?' என வினவ, வந்தவன் தன் குலமும் பெயரும் வெற்றியும் கூறுவான். அணி முதலில் அறிவிக்கின்றது. பாட்டு அதனை வழிமொழிகின்றது. உரையாடல் அதனை உறுதி செய்கின்றது. மூன்றனுள் முதலாவதை விடுத்து ஏனைய இரண்டை மட்டும் பதிப்பித்து 'கூத்து நூல்' என்று பெயரிடுகின்றோம்.

இக்கலைக்குத் தெருக்கூத்து என்னும் பெயரே பெருவழக்கு. கட்டைக்கூத்து என்னும் பெயரை முன்னிறுத்தியோர் பெருங்கட்டூர் இராசகோபாலும், இக்கலையை ஆராய்ந்து 1999இல் நூல் வெளியிட்ட அன்னே டி புரூயினும் ஆவர். தெரு என்பது இழிவுக்குறிப்புத் தருவதாகவும், கட்டை என்பது கலையின் சிறப்பியல்பைச் சுட்டுவதாகவும் அவர்தரப்பினர் கொண்டனர். புரிசை மரபினரோ தெருக்கூத்து என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றனர். பெயர்ப்பூசலில் புகுதல் நம் நோக்கமன்று. அணியால் கலைக்குப் பெயர் அமையலாம் என ஒரு சாரார் கருதும் அளவிற்கு அணி அக்கலையின் உள்ளீடாக இருக்கின்றது என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

3. அன்பர் கூடலின் வரலாறு

1939 சூலைத் திங்களில் நியூயார்க்கு நகரில் அறிவியற்புனைவு அன்பர்களின் முதல் உலகப் பேரவை கூடியது. வந்தோர் ஏறத்தாழ 200 பேர். அவருள் இருவர் மட்டும் வருங்கால மாந்தரின் உடையில் வந்தனர். ஒருவர் பாரஸ்ட் ஆக்கர்மன். மற்றவர் மொரோஜோ என்னும் புனைபெயர் கொண்ட மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி. 1936இல் வெளிவந்த, எச்.ஜி. வெல்சின் கதையைத் தழுவிய திரைப்படத்தையும், இதழோவியர் பிராங்கு பாலின் ஓவியங்களையும் தழுவி அவ்வுடைகள் அமைந்தன. அடுத்த ஆண்டு சிகாகோவில் கூடிய பேரவையில் வேடப்போட்டியே நிகழ்ந்தது. பின்னர் இப்போட்டி பேரவையின் நிலையான உறுப்பாயிற்று. 1980களில் சப்பானியர் இவ்வழக்கத்திற்கு இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குறுக்கி ஒரு பெயர் படைத்தனர். 'காஸ்பிளே' என இன்று உலகெங்கும் வழங்குவது அப்பெயரே.

தொடக்கத்தில் கட்டற்ற கேளிக்கையாக இருந்த இது, காலப்போக்கில் முறை பெற்றது. 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் பேரவையில் ஒருவர் நிலக்கடலை வெண்ணெயை உடல்முழுதும் பூசிக்கொண்டு வந்தார். அவர் தொட்டவிடமெல்லாம் பிறர் பல நாள் உழைத்துச் செய்த உடைகள் கறைபட்டன. அதன்பின் அப்பொருளை விலக்கும் விதி உண்டாயிற்று. நகைப்புக்குரிய செய்தியாயினும் இதனுள் ஓர் உண்மை உளது. மரபு என்பது வானிலிருந்து இறங்குவதன்று. பலர் கூடி ஆடும் இடத்தில் ஒருவர் செயல் மற்றவரைத் தாக்கும்போது பிறப்பது.

போட்டியாளரைப் புதியவர், இடைநிலையினர், தேர்ந்தவர் எனப் பகுத்தல் இன்று பெருவழக்கு. முன்னுள்ள படைப்பைத் தழுவிய வேடம், தானே புனைந்த வேடம் எனவும் பகுப்பர். மேடைத்தோற்றத்திற்குத் தனிப்பரிசும் கைத்திறனுக்குத் தனிப்பரிசும் உண்டு. கைத்திறனை மதிப்பிடுவோர் மேடைக்குப் பின்னே சென்று தையலையும் மூட்டுவாயையும் உட்புறத்தையும் நோக்குவர். தமிழ் மாணவர்க்கு இப்பகுப்புப் புதிதாகத் தோன்றாது. முன்னோன் நூலைத் தழுவுவது வழிநூல் என்றும், தானே தோற்றுவிப்பது முதனூல் என்றும் நூலைப் பகுத்த மரபினர் நாம். ஆக்கர்மனும் மொரோஜோவும் ஒரு திரைப்படத்தின் வழிநூல் செய்தனர். தழுவல் என்பதனாலேயே ஒன்று போலியாகாது. கம்பர் செய்ததும் வில்லிபுத்தூரார் செய்ததும் வழிநூலே.

4. ஒப்புமை

இரு வழக்கங்களுக்கும் உண்மையான ஒப்புமைகள் மூன்று உள.

முதலாவது, செய்தலே கற்றல் என்பது. கூத்தன் கட்டையைக் கட்டக் கற்பதும் அரிதாரம் இடக் கற்பதும் ஆடக் கற்பதன் பகுதிகள். குழுவிற் சிலர் அணிகலனைத் தாமே செய்துகொள்வதும் உண்டு. அன்பர் கூடலிலும் விலைக்கு வாங்கிய வேடத்தினும் கையாற் செய்த வேடத்திற்கே மதிப்பு மிகுதி. ஒரு கதைமாந்தனின் கவசத்தைச் செய்யப் புகுபவன், அக்கதையைப் படிப்பவன் காணாதவற்றைக் காண்பான். இக்கவசத்தை எவ்வாறு அணிவது? கை எவ்வழி புகும்? இத்தலைச்சீராவினுள் மூச்சு எங்ஙனம் இயங்கும்? ஓவியன் விடுத்த வினாக்களுக்கு அவன் விடை கண்டாக வேண்டும். உரையாசிரியன் மூலநூலின் இடைவெளியை நிரப்புவது போன்ற செயல் இது. வேடம் செய்தல் ஒருவகை உரை செய்தல் எனின் மிகையன்று.

இரண்டாவது, அறியும் இன்பம். துரியோதனன் முடியைத் திரைக்கு மேலே கண்ட சிறுவன், பெரியவர் சொல்லுமுன் பெயரைக் கூறி மகிழ்வான். அன்பர் கூடலிலும் வேடத்தைக் கண்டு பெயரைக் கூறுதலே வாழ்த்து. முன்பே கதையை அறிந்த அவையே இவ்வேடங்களுக்கு உயிர் தருகின்றது. அறியாதான் முன் இரண்டும் வெறும் வண்ணத்துணி.

மூன்றாவது, காலவரை. கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் மலையுச்சியில் தீபம் ஏற்றப்படும் வேளையில், அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீசுவரர் ஆடியவாறு வெளிப்பட்டுச் சில மணித்துளிகளில் உள்ளே சென்றுவிடுவார். ஆண்டிற்கு ஒருநாள், அதனுள்ளும் ஒரு சிறுபொழுது. எஞ்சிய நாளெல்லாம் காண இயலாமையே அக்காட்சிக்கு ஆற்றல் தருகின்றது. கூத்தன் விடியலில் கட்டையை அவிழ்ப்பான்; கூடல் அன்பர் மாலையில் கவசத்தைக் கழற்றுவார். கழற்றப்படாத வேடம் வள்ளுவர் கண்டித்த வேடமாகிவிடும். கழற்றும் நேரம் குறித்து வைத்தமையாலேயே விழாவின் வேடம் வஞ்சனையின் நீங்கியது.

5. வேற்றுமை

ஒப்புமையோடு நின்றுவிடின் இரண்டாம் கருத்தினர் பிழையில் நாமும் வீழ்வோம். வேற்றுமைகள் ஒப்புமைகளினும் ஆழமானவை.

கூத்தில் வேடம் கதைக்குள் நுழைவதற்கு வாயில். துரியோதனன் திரையை விலக்கி வந்த பின் எட்டுமணிப் பொழுது பாடவும் ஆடவும் வாதிடவும் வேண்டும். இறுதியில் விழவும் வேண்டும். அவன் வேடம் ஒரு வினையில் முடிகின்றது. அன்பர் கூடலில் பெரும்பாலும் வேடத்தோடு தோன்றுதலே வினை. சிறிது நேரம் மேடையில் நிற்பர், உலவுவர், படம் எடுத்துக்கொள்வர். ஒன்று வினைமுற்று, மற்றொன்று பெயர்ச்சொல் என்னலாம். இதனால் பின்னது தாழ்ந்தது என்பது பொருளன்று. வேறு இலக்கணம் உடையது என்பதே பொருள்.

இரண்டாம் வேற்றுமை, வேடம் யாருடையது என்பது. அன்பர் தாம் விரும்பியதைத் தேர்வர். கூத்தனுக்கு அவ்வுரிமை இல்லை. குழு, குரலின் தன்மை, உடற்கட்டு, ஊரார் வேண்டுகோள் ஆகியன அவன் வேடத்தை முடிவு செய்யும். துகிலுரிதலில் துச்சாதன வேடம் பூண்டவன், சேலையைப் பற்றுமுன் அம்மனை வணங்கிக் கற்பூரம் ஏற்றிப் பொறுத்தருள வேண்டுவான். தான் தேராத தீவினையை ஊருக்காகத் தாங்கும் அச்சம் அது. மெய்ப்பொருள் நாயனார் வேடத்தை மெய்யென்று கொண்டார். இக்கூத்தனோ வேடம் ஒருகால் மெய்யாகிவிடுமோ என்று அஞ்சுகின்றான். இவ்வச்சம் அன்பர் கூடலில் இல்லை. இருக்க வேண்டுவதும் இல்லை. ஆயினும் கூத்தினை 'நம் பழைய காஸ்பிளே' என்று மொழிவோர் இவ்வச்சத்தைத் துடைத்துவிட்டே மொழிகின்றனர்.

மூன்றாம் வேற்றுமை பொருளியல் பற்றியது. அன்பர்க்கு வேடம் செலவு. கூத்தனுக்கு வேடம் பிழைப்பு. முன்னவர் நுழைவுக் கட்டணம் செலுத்திக் கூடலுக்குள் செல்வர். பின்னவன் கூலி பெற்றுக் களரிக்குள் வருவான். ஓய்வினால் பிறந்த கலையையும் உழைப்பினால் வாழும் கலையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல், உழைப்பவனுக்கு இழைக்கும் அநீதியாகும். கூத்தன் சாதியால் தாழ்த்தப்பட்டதும் கூலியால் குறைக்கப்பட்டதும் வரலாறு. அவன் கலைக்குப் புதிய ஆங்கிலப் பெயர் சூட்டுவது அவ்வரலாற்றை மாற்றாது.

6. செய்தவர் பெயர்

இரு வழக்கங்களும் ஒரே குற்றத்தில் ஒன்றுபடுகின்றன. வேடம் பூண்டவர் பெயர் நிற்கின்றது. வேடம் செய்தவர் பெயர் மறைகின்றது.

1939இல் அணியப்பெற்ற இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மொரோஜோவே. ஆயினும் முதல் வேடம் பூண்டவர் எனப் பல்லாண்டு பேசப்பட்டவர் ஆக்கர்மன். 1940இல் சிகாகோவில் மிங் என்னும் படக்கதைக் கொடுங்கோலன் வேடத்தில் பரிசு பெற்றவர் டேவிட் கைல். அவ்வேடத்தைச் செய்தவர் லெஸ்லி பெர்ரி என்னும் பெண்மணி. பரிசுப் பட்டியலைப் படிப்போர்க்குக் கைலின் பெயரே முன்னிற்கும். கைத்திறனுக்குத் தனிப்பரிசு என்னும் பிற்கால முறை இக்குறையை ஓரளவு நீக்கியது.

நம்மிடையே நிலை இதனினும் இரங்கத்தக்கது. பாடிய புலவர் பெயரைப் பாட்டின் இறுதியில் முத்திரையாகக் காண்கிறோம். ஆடிய தம்பிரான்களின் பெயரை ஓரளவு அறிவோம். முருங்கை மரத்தைச் செதுக்கிக் கண்ணாடி பதித்த கையின் பெயர் எந்நூலில் உள்ளது? ஒரு கிரீடம் எந்த ஊரில், யாரால் செய்யப்பட்டது, எத்தனை கூத்தர் தலையேறியது, எப்போது புதுப்பிக்கப்பட்டது என்னும் வரலாறு அக்கிரீடத்தோடு அழிகின்றது. ஓலைச்சுவடி கறையானுக்கு இரையாவதைக் கண்டு ஊரூராய் அலைந்தவர் உ.வே. சாமிநாதையர். முருங்கை மரம் ஓலையினும் மென்மையானது. அதனைத் தேடி அலைய வேண்டியவர் இன்னும் தோன்றிலர் என்று சொல்லுமளவிற்கு அத்துறை வறிதாக இருக்கின்றது.

கட்டையைத் தாங்கும் உரிமையும் ஆராய்தற்குரியது. கூத்தில் பெண்வேடமும் ஆடவரே பூணுதல் நெடுங்கால வழக்கு. 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடைபெற்ற கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் பயின்று கட்டை வேடம் தாங்கினர். ஒரு சிறுமி தோட்பலகை கட்டி அரசனாக நின்றபோது அணியின் இலக்கணம் சிதையவில்லை. அதனைப் பேசும் வாய் ஒன்று கூடியது. மாதவி அனைத்துத் தெய்வ வேடமும் தாங்கினாள் என்று படிக்கும் நாம் இதனைப் புதுமை என்று வியத்தல் பொருந்தாது.

7. புரிசை காட்டும் வழி

அறிவியற்புனைவுக்கும் கட்டையணிக்கும் இடையே பாலம் அமையுமா என்னும் வினா எழலாம். தமிழில் சுசாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' போன்ற புனைவுகள் பெருவாசகரைப் பெற்றன. 2010இல் வந்த 'எந்திரன்' திரைப்படத்தால் எந்திர மனிதன் சிற்றூரார்க்கும் அறிமுகமாயினான். ஆயினும் எழுத்தில் உருவான எந்திரத்திற்கு வேடமொழி ஒன்றை நாம் இன்னும் படைத்தோமில்லை.

இதற்கு விடை செய்யாறு வட்டத்துப் புரிசையில் உண்டு. அவ்வூர்க் கூத்தினைக் கண்டு ந. முத்துசாமி கட்டுரைகள் எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறை தோன்றியது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்க்கு ஆசிரியராகவும் விளங்கினார். அம்மரபினர் பாரதத்தோடு அமையாது, கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேசின் சிறுகதை ஒன்றையும் கூத்தாக்கினர். பெருஞ்சிறகுடைய கிழவன் ஒருவன் வானிலிருந்து ஓர் ஏழையின் முற்றத்தில் வீழ்கின்றான், கோழிக்கூட்டில் அடைக்கப்படுகின்றான், அவனைக் காண ஊர் திரள்கின்றது, அவன் யாரென்பது எவர்க்கும் விளங்கவில்லை. இதுவே அக்கதை.

இக்கதை கூத்துக்கு எவ்வளவு பொருந்துவது என்பதை எண்ணுதல் வேண்டும். கூத்தில் வந்தவன் யாரென்று கட்டியக்காரன் வினவுவான். வந்தவன் விடை கூறுவான். மார்க்கேசின் கதையிலோ வந்தவன் விடை கூறுவதில்லை. அவன் மொழி ஊரார்க்கு விளங்குவதில்லை. கூத்தின் அடிப்படை வினாவையே இக்கதை விடையின்றி நிறுத்துகின்றது. விராட நகரத்துப் பேடியைச் சூழ்ந்த கூட்டமும், சிறகுக் கிழவனைச் சூழ்ந்த கூட்டமும் ஒரே கூட்டம். தன்னினும் வேறானதைக் கண்டு நிற்கும் மக்கட்கூட்டம். அறிவியற்புனைவின் உயிர்நிலையும் இதுவே. வேற்றுலகத்தான் வந்து நிற்பின் மனிதர் என் செய்வர் என்பதே அதன் முதல் வினா. வெள்ளி மலையிலிருந்து வந்த விஞ்சையன் புகாரின் கூட்டத்துள் மறைந்து நின்று மனிதமகள் தெய்வவேடம் பூணக் கண்டான். அவ்வினாவை மறுபுறமிருந்து எழுப்பியவர் இளங்கோவடிகள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அன்பர் கூடலின் வேடம் போலியன்று என்பதும், அது வழிநூலும் உரையும் போல்வதொரு செயல் என்பதும் புலனாம். கட்டைக்கூத்து அதன் மூத்த வடிவம் அன்று என்பதும், அது வினையும் அச்சமும் பிழைப்பும் உடைய வேறொரு கலை என்பதும் புலனாம். இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குதலால் பெறும் பயன் ஒன்றே. வேடத்தைச் செய்தவன் கையும் ஒரு புலவன் கையே என்பதை அது நமக்கு உணர்த்துகின்றது.

பட்டமேற்படிப்பு மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கலாம். கூத்து நூல்களைப் பதிப்பிப்போர் இனிப் பாட்டோடு அணியினையும் பதிவு செய்தல் வேண்டும். இன்ன மாந்தர்க்கு இன்ன கட்டை, இன்ன நிறம், இன்ன மரம், கண்ணாடி பதித்த முறை, கட்டும் கயிற்றின் முடிச்சு, செய்தவர் ஊரும் பெயரும் ஆகியவற்றை வரைபடத்தோடு எழுதுதல் வேண்டும். மேனாட்டு அன்பர்கள் தம் விளையாட்டு வேடத்தின் உட்புறத் தையலையும் நடுவர் வைத்து நோக்குகின்றனர். பல தலைமுறை வழிபாட்டில் நின்ற ஒரு முடியின் உட்புறத்தை நாம் ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். கூத்தனின் நெற்றி வியர்வை படிந்திருப்பது அங்கேதான்.